பாம்பின் குளிர்கால உறக்கம்

மார்கழி, தை மாதங்களில் கண்டியிற் குளிர் சிறிது கூடிவிட்டால், நாம் கம்பளியைத் தேடுகின்றோம். சூடான தேநீரைத் தேடுகின்றோம். உடம்பினுள்ளே ஓயாது ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதனால் நமக்கு அவ்வளவே போதுமானது. பாம்புக்கோ அந்த அடுப்பு இல்லை. வெயில் ஏறினால் அதற்கு வேகம். வெயில் இறங்கினால் சோர்வு.

கடுங்குளிர் நாடுகளில் இச்சோர்வு மாதக்கணக்கில் நீளும். கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில், நார்சிஸ் என்னுமிடத்தில், கார்ட்டர் பாம்புகள் பல்லாயிரக்கணக்கிற் சுண்ணாம்புக்கற் பிளவுகளுள் இறங்கிப் பனிக்காலத்தைக் கழித்து, ஏப்ரல், மே மாதங்களில் வெளிவருகின்றன.

மேனாடுகளில் பாம்பு வளர்ப்போர் சிலர் இவ்வுறக்கத்தைத் தாமே உண்டாக்குகின்றனர். முதலில் இரண்டு வாரமளவு இரையை நிறுத்துவர். குளிரிற் சீரணம் நின்றுவிட்டால், வயிற்றில் எஞ்சிய இரை அழுகிப் பாம்பையே கொன்றுவிடுமன்றோ? பின்னர் வெப்பத்தைப் படிப்படியாகக் குறைத்து, 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரையில் இரண்டு மூன்று மாதம் இருட்டில் வைப்பர். தண்ணீர் மாத்திரம் எப்போதும் உண்டு. நோயுற்றதையும் இளைத்ததையும் உறங்கவிடுவதில்லை. விழித்தபின் இணைசேரும் பருவம் தொடங்கும். இத்தனை பாடும் பெரும்பாலும் அதற்காகவே.

ஆனால் இது பெரிதும் இடத்தைப் பொறுத்த ஏற்பாடு. வட இந்தியாவின் பரத்பூரில் மலைப்பாம்பு, குளிர்காலத்தில் முள்ளம்பன்றியின் வளைகளிற் புகுந்து, பகலில் வாயிலிலே வெயில் காய்கின்றது. அதே இனம் இலங்கையிலும் உண்டு. இங்கோ அதற்கு அத்தகைய கடுங்குளிர் இல்லை. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில், தை மாத இரவிலும் வெப்பம் சராசரியாக 18 பாகை அளவிலேயே நிற்கின்றது. மூடுபனி முற்றத்தை மறைத்தாலும், பாம்பு மாதக்கணக்கில் உறங்குவதில்லை. காலையிற் சற்றே மந்தமாகின்றது, அவ்வளவுதான்.

இந்த வேற்றுமையை வீட்டார் அறிந்திருத்தல் நன்று. கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து வளவுகளில், குளிர்ந்த காலை வேளையிற் கல்லணையின்மேற் சாரைப்பாம்பு அசையாது கிடப்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். பிள்ளைகள் தடியுடன் கூடிவிடுவர். "செத்துவிட்டது" என்பான் ஒருவன். "தூங்குகிறது" என்பான் மற்றொருவன். இரண்டுமன்று, அது வெயிலுக்காகக் காத்திருக்கின்றது. குளிர்ந்த பாம்பும் கடிக்க வல்லது. கிடப்பது நாகமோ விரியனோ ஆயின் விபரீதம். ஆதலால் நெருங்கலாகாது. அடிக்கவும் வேண்டியதில்லை, நாகமென்று மயங்கி மக்கள் அடித்துக் கொல்லும் சாரைகள் பல. நம் வளவு எலிகளைத் தின்று நமக்கு உதவுவதும் அச்சாரையே.

பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு சிறிது பொறுத்திருப்போம். வெயில் ஏறட்டும், அது தன் வழியே போய்விடும்.