மீரியபெத்தை: பின்வளவும் பக்கத்து வீடும்



பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதையில் ஒரு தடவையாவது பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், ஜன்னலோர இருக்கைக்காகப் பிள்ளைகள் ஏன் சண்டை பிடிக்கிறார்கள் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஒரு பக்கம் தேயிலை மலை தலைக்கு மேலே ஏறிப் போகிறது. மறுபக்கம் மலை சட்டென்று முடிந்து, தெற்கே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடக்கிறது. கொஸ்லந்தையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். நான் உங்களை அழைத்துப் போக விரும்பும் இடம் அதற்கு முன்பே, மலைச்சரிவில் இருக்கிறது.

மீரியபெத்தை என்ற பெயரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 அக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் மலையின் ஒரு துண்டு கழன்று வந்து தோட்ட லயங்களை மூடியது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. முதல் நாள் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகச் சொன்னார்கள். பின்னர் கணக்கு நாற்பதுக்குள் நின்றது. அவர்களில் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்த மண்ணே அவர்களுக்கு அடக்கஸ்தலம் ஆகிவிட்டது. மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. எஞ்சியவர்கள் பாடசாலையிலும், பிறகு மாக்கல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் இரண்டு வருடம் கிடந்தார்கள். 2016 அக்டோபரில் மாக்கல்தெனியவில் 75 தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன.

இந்தப் பகுதியில், பூனாகலைப் பாதையோரத்தில், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் குடும்பம் புதிதாகக் குடிவந்திருக்கிறது. வாப்பா சில்லறை வியாபாரம் செய்கிறார். வீட்டுக்குப் பின்னால் சரிவான வளவு, நாலைந்து முருங்கை மரம், அவக்காடோ மரம் ஒன்று. மாணவரின் தம்பிக்கு வயது பத்தொன்பது. அவன் கையில் ஓர் எயார் ரைபிள். பின்வளவில் தகரப் பேணிகளை அடுக்கி வைத்துச் சுட்டுப் பழகுவது அவனுடைய பொழுதுபோக்கு. "ஹஸரத், இது கூடுமா, கூடாதா?" என்று கேட்டு அவனுடைய உம்மா எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பதில் சொல்லவே போனேன்.

பதில் சுருக்கமானதுதான். குறி பார்த்து எய்வது நம் மார்க்கத்தில் வெறுக்கப்பட்ட காரியமல்ல. அம்பெய்யும் போட்டியில் ஈடுபட்டிருந்த அஸ்லம் கோத்திரத்தாரை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்ததை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். எய்தலைக் கற்றுப் பின்பு கைவிடுவதைக் கண்டித்த ஹதீஸும் முஸ்லிமில் உண்டு. இன்று உலகம் முழுவதும் எயார் ரைபிள் ஒரு மதிப்புள்ள விளையாட்டு. ஒலிம்பிக்கில் 10 மீற்றர் தூரத்திலிருந்து 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டால் சுடுகிறார்கள். பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீற்றர்! 2008இல் பீஜிங்கில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அபினவ் பிந்த்ரா, பெற்றோர் வீட்டோடு அமைத்துக் கொடுத்த தளத்தில் பயிற்சி பெற்றவர். பெண்களும் இதில் பின்தங்கவில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகின் முன்னணியில் நின்றவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் இலங்கையின் தெஹானி எகொடவெல இதே போட்டியில் கலந்துகொண்டார்.

ஆனால் பேணியைச் சுட்டுச் சலித்த கை அடுத்ததாக மரக்கிளையைத் தேடும். அங்கேதான் தடை வருகிறது. குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அதன்மேல் அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் வருவதைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ள எதையும் விளையாட்டுக் குறியாக்குபவரை நபியவர்கள் சபித்ததை அன்று அவர்கள் நினைவூட்டினார்கள். ஊவா மலைகளில் இதற்கு நேர்மாறாகப் பேர் எடுத்தவர் ஒருவர் இருந்தார். பதுளையில் ஆங்கிலேய ஆட்சிக்காலத்து அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளையில் இன்றும் நிற்கிறது.

சமையலறைக்குப் பொறுப்பான உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகன் ஒரு காட்டுப்புறாவைச் சுட்டு விழுத்திக்கொண்டு வந்தால் சட்டியில் போடலாமா? கூர்முனையால் துளைத்துக் கொன்ற வேட்டை ஆகும். தட்டையான பக்கம் அடித்துச் செத்தது ஆகாது என்று அதீ பின் ஹாத்திம் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் விளக்கினார்கள். ஈயக்குண்டுக்குக் கூர்மை இல்லை. வேகத்தால் இடித்தே கொல்கிறது. ஷாபிஈ மத்ஹபின்படி அப்படிச் செத்தது ஹராம். உயிரோடு கிடைத்து, முறையாக அறுத்தால் மட்டுமே ஹலால். அதற்கும் மேலாக, நாட்டின் வனவிலங்குச் சட்டத்தில் பெரும்பாலான பறவைகள் பாதுகாக்கப்பட்டவை. ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சு என்பதையும் மறந்துவிடாதீர்கள். குண்டைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் மகன் சோற்றுக் கோப்பையில் கை வைக்க விடாதீர்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அந்த உம்மா ஒரு கேள்வி கேட்டார். "அதெல்லாம் சரி ஹஸரத். பக்கத்து வீட்டாக்களுக்கு என்ன சொல்ற?"

மார்க்கத் தீர்ப்பை விடப் பெரிய கேள்வி இது. நகரத்தில் பின்வளவு என்றால் நாலு பக்கமும் மதில். மலைநாட்டில் அப்படியில்லை. உங்கள் வளவு முடிகிற வேலிக்குக் கீழே அடுத்த வீட்டின் கூரைத் தகரம் ஆரம்பமாகிறது. நீங்கள் நேராகச் சுடுவதாக நினைக்கும் குண்டு, குறி தவறினால், கொழுந்துக் கூடையோடு கீழ்ப்பாதையில் நடக்கிற ஒருத்தியின் தலை உயரத்துக்குப் போகும். ஒரு சாதாரண எயார் ரைபிள் குண்டு நூற்றுக்கணக்கான மீற்றர் பறக்கக் கூடியது. கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பும். விரல்களுக்கிடையே வைத்துச் சிறுகல் சுண்டுவதை நபியவர்கள் தடுத்ததற்குச் சொன்ன காரணத்தை எண்ணிப் பாருங்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் காயப்படுத்தாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும். எயார் ரைபிளுக்கென்றே சொன்னது போல இல்லையா? பிரித்தானியாவில் தன் எல்லையைத் தாண்டி, அயலாரின் அனுமதியின்றிக் குண்டு போக விடுவதே குற்றம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வெளிப்படையாகவே எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம் வீடுகளில் நடந்த தேடுதல்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சமையலறைக் கத்திக்குக்கூடக் கணக்குச் சொன்ன நாட்கள் அவை. புதிதாகக் குடிவந்த முஸ்லிம் வீட்டிலிருந்து நாள்தோறும் துப்பாக்கிச் சத்தம் கேட்டால், கேட்பவர் மனதில் என்ன ஓடும்? அக்கம்பக்கத்துத் தோட்டத் தமிழ் மக்களும் யுத்த காலத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர்களே. பொலிஸ் வாகனம் ஒன்று அந்தப் பாதையில் ஏறினால் அவர்களுக்கும் வயிற்றைக் கலக்கும். ஆகவே அனுமதி சம்பந்தமான விடயத்தைப் பொலிஸ் நிலையத்தில் நேரே கேட்டு முடிக்கும்வரை ரைபிள் அலுமாரிக்குள் இருக்கட்டும் என்றேன். உம்மா தலையாட்டினார். அலுமாரிச் சாவி ஏற்கெனவே அவருடைய இடுப்பில்தான் இருந்தது!

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு பக்கத்து வீடுகளுக்குப் போனோம். வெறுங்கையோடு அல்ல. வட்டிலப்பம் செய்யலாம் என்று மகள் சொன்னபோது உம்மா தடுத்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகும் வீடுகளில் முட்டை சேர்க்க மாட்டார்கள். அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டிய தொதல் ஒரு தட்டு எடுத்துக்கொண்டார். ஆடு அறுத்தபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று வீட்டாரிடம் கேட்ட அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்களின் நினைவு எனக்கு வந்தது.

கீழ்வீட்டில் ஒரு தாயும், அவருடைய மாமனாரும், இரண்டு பிள்ளைகளும். பிள்ளைகள் கிழவரை "தாத்தா" என்று கூப்பிட, எங்களோடு வந்த சின்ன மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நமக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி அல்லவா!

உம்மா சுற்றி வளைக்கவில்லை. "தங்கச்சி, எங்கட மகன் பின்னுக்கு எயார் ரைபிள் வெச்சி சுட்டுப் பழகுறான். பயப்பட வேணாம் எண்டு சொல்ல வரல்ல. எந்த நேரம் சுட்டா ஒங்களுக்குக் கரைச்சல் இல்ல எண்டு கேக்கத்தான் வந்த" என்றார்.

அந்தப் பெண் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "துப்பாக்கி சத்தம் பரவாயில்லங்க உம்மா. பின்னுக்கு மண்ண வெட்டுறாங்களே, அது எதுக்குங்க?" என்று கேட்டார்.

எங்களில் யாரும் எதிர்பாராத கேள்வி. குண்டு வெளியே போகாதிருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் தம்பி வளவின் மேற்கரையை வெட்டி, மண்சுவர் போல ஆக்கிக்கொண்டிருந்தான். சமவெளியில் அது சரியான ஏற்பாடு. இங்கே சரிவின் காலை வெட்டினால் மேலே உள்ள பாரத்தைத் தாங்க ஆளில்லை. போதாக்குறைக்கு வெட்டிய மண் கானில் விழுந்து தண்ணீர் வழியை அடைத்திருந்தது. கானில் ஓட முடியாத மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண் கனக்கும், வழுக்கும். நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, திடீரென்று வற்றிப்போகும் ஊற்று ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று அதிகாரிகள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய தாய்வீடு மீரியபெத்தையில் இருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தம்பியின் முகம் கறுத்துப் போனது. எழுந்து போனவன் மஃரிபுக்கு முன்பே கானில் விழுந்த மண்ணை அள்ளத் தொடங்கிவிட்டான். கீழ்வீட்டுப் பையனும் மண்வெட்டியோடு ஏறி வந்தான். வெட்டிய கரையை எப்படி மூடுவது என்பதைத் தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய கிழவரே நின்று சொல்லிக் கொடுத்தார். குண்டை நிறுத்துவதற்குப் பலகைப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே மணல் நிரப்பி, முன்னால் சாக்குக் கட்டுவது என்று முடிவாயிற்று. பெட்டியைக் கீழ்ப்பாதைக்கு எதிர்த்திசையில், வீட்டுச் சுவரோரமாக வைப்பது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் கொழுந்து நிறுக்கப் போகிற நேரத்திலும் சுடாதிருப்பது. சுடும்போது வேலியில் ஒரு சிவப்புத் துணி.

வேலை நடக்கும்போதே கிழவர் வேறொரு கோரிக்கையும் வைத்தார். போஞ்சியை ஒன்றும் விடாமல் தின்கிற குரங்குகளுக்குத் தம்பி இரண்டு போடு போட்டுக் கொடுத்தால் நல்லது! குரங்குத் தொல்லை இன்று நாடு முழுவதும் உள்ளது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி தொடக்கம் ஐந்து நிமிடம் தோட்டந்துரவுகளில் நிற்கும் குரங்கு, அணில், மயில்களை எண்ணும்படி அரசாங்கமே மக்களைக் கேட்டுக்கொண்டது. பயிரை அழிக்கும் பிராணியை விரட்ட மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் கொல்வதானாலும் வதைக்காமல் கொல்ல வேண்டும் என்பது நபிமொழி. இந்தச் சிறு ஈயக்குண்டு குரங்கைக் கொல்லாது. கண்ணைக் கெடுக்கும், சதைக்குள் தங்கிச் சீழ் வைக்கும். அதைச் சொன்னேன். கிழவர் அரைமனதோடு, "சரிங்க மௌலவி ஐயா, தகரமே தட்டிக்கிறேன்" என்றார்.

புறப்படும் நேரத்தில் அவரே தம்பியைக் கூப்பிட்டு இன்னொரு நிபந்தனை சொன்னார். மழை பெய்கிற நாளில் சுடக் கூடாது. தம்பி, "மழையில யாரு தாத்தா வெளிய நிண்டு சுடுற?" என்று சிரித்தான். கிழவர் சிரிக்கவில்லை.

"அதுக்கில்ல தம்பி. மழை நேரத்துல நாங்க மலைச் சத்தம் கேட்டுக்கிட்டு இருப்போம். ஒங்க சத்தம் எது, மலைச் சத்தம் எதுன்னு எங்களுக்குத் தெரியணும்."

"மழை விட்டா சுடலாமா?"

"விட்டு ரெண்டு நாள் போகட்டும்."

ஐப்பசி மழைக்கு அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது. தம்பி நாட்காட்டியைப் பார்க்க உள்ளே போனான்.