பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

பீரோவை நகர்த்தியதும் சுவரில் பீரோ அளவுக்கே கறுப்பாக ஒரு நிழல் தெரிந்தது. நிழல் என்றுதான் முதலில் நினைத்தேன். கை வைத்துப் பார்த்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பூஞ்சணம். ஊறிப்போன கோணிச் சாக்கின் வாசனை அறை முழுக்க இருந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை தாண்டியது. ஜாபர்கான்பேட்டையில் இருந்த அந்த வீட்டின் தரைத்தளத்தில் மார்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. வீட்டுக்காரர் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. நனைந்த பொருள் இரண்டு நாளுக்குள் காயாவிட்டாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். மூன்று வாரம் பூட்டிக் கிடந்த வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

“பொங்கலுக்குக் குடிவந்துடணும், முடிச்சுக் குடுங்க” என்றார் அவர். சரி என்றேன். அப்போது நான் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்து 18 வருஷம் ஆகியிருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் மட்டும் ஏழு வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். ஆள் போதவில்லை. பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகனைக் கைக்கு உதவியாகக் கூட்டிக்கொண்டேன். 19 வயது.

அவனை அனுப்பும்போது அண்ணி வாசலில் நின்று சொன்னார்: “சின்ன வயசுல இவனுக்கு இளைப்பு இருந்துச்சு தம்பி. தூசி ஆகாது. பார்த்துக்குங்க.” பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன்.

பீரோ இருந்த அந்தப் படுக்கையறையை அவனிடமே கொடுத்தேன். கையில் ஒரு கம்பி பிரஷ், ஒரு சுரண்டி. மூக்கைக் கட்டிக்கொள்ள அவனுடைய கைக்குட்டை. சுவர் சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் போட்டதும் நான்தான். பக்கத்துக் கூடத்துக்குத் தூசி வராமல் இருக்கட்டும் என்று கதவைச் சாத்தியதும் நான்தான். ஜன்னல் வழியாக வந்த வெயிலில், அவன் ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் தூசி சாம்பிராணிப் புகைபோல எழும்பி, மின்விசிறிக் காற்றில் சுழன்றது. சாயங்காலம் அவன் கைக்குட்டையை அவிழ்த்தான். வெளிப்பக்கம் போலவே உள்பக்கமும் சாம்பலும் பச்சையுமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகும் மறுநாள் அவனை அதே அறைக்கு அனுப்பினேன். லாஃப்டின் பிளைவுட்டில் வெல்வெட் மாதிரி படர்ந்திருந்ததையும் அவன்தான் சுரண்டி முடித்தான்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அண்ணன் போன் செய்தார். நான் போனபோது பையன் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சு இழுக்கும்போது தோள் காது வரை ஏறி இறங்கியது. “சித்தப்பா” என்று சொல்லக்கூட அவனுக்கு முழு மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். பணியில் இருந்த டாக்டர், என்ன வேலை செய்தான் என்று கேட்டார். “பெயிண்ட் வாசனை ஒத்துக்கல போல” என்றேன். அந்த வீட்டில் பெயிண்ட் டப்பாவை நாங்கள் இன்னும் திறக்கவே இல்லை. அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயத்தில் பொய் சொன்னேன். விடிந்த பிறகுதான் டாக்டரைத் தனியாகப் பார்த்து, பூஞ்சணச் சுவரைக் காயவைத்துச் சுரண்டியதைச் சொன்னேன். “இதை ராத்திரியே சொல்லியிருக்கணும்” என்றார். நான்கு நாள் அவன் அங்கே இருந்தான்.

அதன் பிறகுதான் 18 வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். பூஞ்சணத்தைச் சுவரில் படிந்த அழுக்கு என்று நினைத்திருந்தேன். அது உயிருள்ள பொருள். சுவரின் ஈரத்திலும் பழைய பெயிண்டிலும் மரத்திலும் வாழ்கிறது. அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. உலர்ந்த நிலையில் சுரண்டினால் காற்றில் ஏறி, கைக்குட்டை நெசவின் ஊடாக நுரையீரல் வரை போகின்றன. செத்த வித்துகூட ஒவ்வாமையைத் தரும். அதனால் மருந்தடித்துக் கொன்றுவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்ததாக ஆகாது. வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. இந்த அளவு வரை பாதகமில்லை என்று அதில் ஓர் எண் கிடைக்குமா என்று பார்த்தேன். அப்படி எந்த எண்ணையும் அவர்கள் தரவில்லை. ஈரத்தையே வரவிடாதே என்பதுதான் அதன் சாரம்.

இப்போது ஒரு வீட்டுக்குப் போனால் முதல் நாள் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவேன். மொட்டை மாடி வெடிப்பா, குழாய்க் கசிவா, தரையிலிருந்து ஏறும் ஓதமா? அதை நிறுத்தாமல் சுவரைச் சுத்தம் செய்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கறுப்பு வரும். சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். கரைந்தால் உப்பு. கரையாமல் இழுபட்டால் பூஞ்சணம் என்றே வைத்துக்கொள்வேன்.

மின்விசிறி கூடாது. அறை வாசலுக்குப் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, வெளி ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சுவரில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, நனைந்த பிறகே துடைக்கவோ சுரண்டவோ வேண்டும். துடைத்த துணி, உதிர்ந்த பட்டி எல்லாம் உடனே பைக்குள் போட்டு வாய் கட்டிவிட வேண்டும். மெத்தை, நனைந்த ஜிப்சம் பலகை, ஊறிய பிளைவுட் ஆகியவற்றைச் சுத்தம் செய்ய முயலாமல் வெளியேற்றுவதே நல்லது. எத்தனை பிளீச்சிங் பவுடர் போட்டாலும் உள்ளே ஊறியது போகாது. அந்தப் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், சிறிய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

என் ஆட்கள் என்-95 முகமூடி இல்லாமல் அறைக்குள் போக நான் விடுவதில்லை. பட்டை இரண்டும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்தியிருக்க வேண்டும், தாடி இருந்தால் எடுக்க வேண்டும். ஓரத்தில் காற்றுப் புகுந்தால் அந்த முகமூடி இருந்தும் பயனில்லை. ரப்பர் கையுறையும், துளையில்லாத கண்ணாடியும் வேண்டும். பட்டி பார்ப்பதற்கு முதல் நாள் இரவு ஒரு பாலிதீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுவேன். காலையில் உள்ளே நீர் கோத்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் காயவில்லை. வெள்ளத்தில் ஊறிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதைச் சொன்னதால் சில வேலைகள் என் கையை விட்டுப் போயின. போகட்டும்.

அண்ணி இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் இப்போது வேறு வேலையில் இருக்கிறான். மழைக்காலம் வந்தால் சட்டைப்பையில் இன்ஹேலர் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கலுக்கு முன் சுவரைச் சரிபார்க்க ஆள் கூப்பிடப்போகும் வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சுவர் காயும் வரை நாள் கொடுங்கள். முகமூடிக்கான காசைக் கூலியில் பிடிக்காமல் தனியாகக் கொடுங்கள். வேலைக்கு வந்திருக்கும் பையனிடம், “இளைப்பு ஏதாவது இருக்காப்பா?” என்று நீங்களே ஒரு முறை கேளுங்கள். இருக்கிறது என்றால் அவனை அந்த அறைக்குள் விடாதீர்கள்.