குர்துபாவில் நடந்து திரிந்த ஒரு நாள்



படங்களைப் பார்த்துவிட்டு, "குர்துபாவைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்களேன் சேர்" என்று பலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறோம்.

ஒக்டோபர் அங்கே இலையுதிர் காலம். காலையில் குளிர், லுஹர் நேரமாகும்போது சுவெட்டரைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டிய வெயில். பழைய நகரம் சிறியது. மனைவி, மகன் என்று நாங்கள் மூவரும் அவசரமில்லாமல் நடந்தே பார்த்தோம்.

முதலில் பெரிய பள்ளிவாசல். 785 அளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கியது. பிறகு வந்தவர்கள் இருநூறு வருடங்களாகப் பெருப்பித்தார்கள். இன்று 856 தூண்கள் நிற்கின்றன. முதலில் கட்டிய பகுதியில் பழைய ரோமக் கட்டடங்களின் தூண்களையே எடுத்து நிறுத்தினார்கள். அவை கட்டை. கூரையை உயர்த்துவதற்காக ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான அந்த அழகு, தேவையிலிருந்து பிறந்தது.

1236இல் நகரம் கைமாறியதும் பள்ளி தேவாலயமானது. 1523இல் நடுப்பகுதியை இடித்துப் பெரிய கதீட்ரல் எழுப்பத் தொடங்கினார்கள். இன்று டிக்கட் எடுத்துத்தான் உள்ளே போகலாம். தொழ அனுமதி இல்லை. மிஹ்ராபின் முன்னால் கம்பி வேலி. மனைவி அதைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே முற்றம் நிறையத் தோடை மரங்கள், காய் இன்னும் பச்சை. தோடம்பழத்தை அவர்கள் 'நரான்ஹா' என்கிறார்கள். அரபு 'நாரஞ்ச்' வழியாகப் போன சொல். நம்முடைய நாரத்தங்காய்க்கும் அதற்கும் உறவு உண்டு. சீனிக்கு 'அசூகர்', நம் 'சுக்கர்'தான். எதையாவது ஆசைப்பட்டால் 'ஒஹலா' என்பார்கள். அல்லாஹ் நாடினால் என்ற அரபு வார்த்தையின் மிச்சம் அது.

பிறகு யூதத் தெருக்கள். இரண்டு பேர் கை விரித்தால் சுவர் தட்டும் ஒழுங்கைகள், வெள்ளைச் சுவரில் பூச்சாடிகள். அங்கே ஒரு சிறு முற்றத்தில் யூத அறிஞர் மைமோனிடஸின் சிலை. கொஞ்சம் நடந்தால் மதிலின் ஓரம் இப்னு ருஷ்தின் சிலை. இருவரும் இந்த ஊரில் பிறந்தவர்கள், இருவரும் மருத்துவர்கள், அரபியில் எழுதியவர்கள்.

"கிறிஸ்தவர்கள்தானே இவர்களைத் துரத்தினார்கள்?" என்று மகன் கேட்டான். இல்லை மகன். 1148இல் முவஹ்ஹிதுகள் நகரைப் பிடித்து, யூதர்களை மதம் மாற நெருக்கியபோதுதான் மைமோனிடஸின் குடும்பம் ஊரை விட்டுப் போனது. 1195இல் இப்னு ருஷ்தை நாடு கடத்தி, அவருடைய மெய்யியல் நூல்களை எரிக்க வைத்தவரும் ஒரு முஸ்லிம் ஆட்சியாளர்தான். கடைசியில் அவரைத் திருப்பி அழைத்தார்கள். 1198இல் மராக்கிஷில் வஃபாத்தானார். அவர் கருத்தையெல்லாம் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கருத்துக்குப் பதில் கருத்து, நெருப்பு பதிலாகாது.

அஸர் நேரம் ரோமப் பாலத்துக்கு வந்தோம். கீழே குவாதல்கிவீர். 'அல்வாதி அல்கபீர்', பெரிய ஆறு. கரையில் பழைய நீர்ச்சக்கரம் ஒன்று. பாலத்துச் சுவரில் சாய்ந்து, மகன் கேட்டதையே திரும்பத் திரும்ப யோசித்தோம்.

அந்தலூஸ் என்றால் நமது மேடைகளில் இழந்த பெருமையைப் பேசி அழுகிறோம். 1236ஐப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், 1195ஐச் சொல்வதில்லை. நமக்குள்ளேயே வேறு கருத்துள்ளவர்களின் வாயை மூடுவதில் இன்றும் நாம் குறைந்தவர்களா? எத்தனை ஊரில் பள்ளிவாசல் இரண்டாகியிருக்கிறது?

ஆசிரியர்களே, பெற்றோரே, வரலாற்றைப் பிள்ளைகளிடம் முழுசாகக் கொடுப்போம். ஹகம் மன்னரின் நூலகத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் வாய், எரிந்த புத்தகங்களையும் சேர்த்துச் சொல்லட்டும். கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டாமல் உட்கார வைத்துப் பேசுவோம்.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள அறிவையும், அதைத் தாங்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.