பதினாறா, பதினேழா?

ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டாவது கியருக்கு மேல் வேலை வருவது அபூர்வம். கேரளத்தின் பெரிய கோயில் குளங்களில் ஒன்று இது. பக்கத்திலேயே வராக மூர்த்தி கோயில். பழைய ஓட்டு வீடுகளும் புதிய மாடி வீடுகளும் தோளோடு தோள் இடித்து நிற்கும் சந்துகள். எதிரே ஓர் ஆட்டோ வந்துவிட்டால் இருவரில் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் மேற்கே போய் ஈஞ்சக்கல்லில் பைபாஸைத் தொட்டுவிட்டால் காட்சி தலைகீழாக மாறிவிடுகிறது. முன்பு 47 என்றும் இப்போது 66 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை அது. வடக்கே டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம், தெற்கே கோவளம். திருவனந்தபுரத்தின் மற்றச் சாலைகளில் மூன்றாவது கியரோடு திருப்திப்பட்டுக்கொண்ட வண்டிகள் இங்கேதான் நான்காவதைப் பார்க்கின்றன.

இந்த இரண்டு சாலைகளுக்கும் நடுவே வசிக்கும் பழைய புல்லட்டுக்காரர் எவரும் என்றாவது ஒரு நாள் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு: கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட்டில் 16 பல் போதுமா, 17 வேண்டுமா, துணிந்து 18க்கே போய்விடலாமா?

சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350இல் முன்னால் 16 பல், பின்னால் 38 பல். அதாவது, முன் ஸ்ப்ராக்கெட் ஏறத்தாழ 2.38 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். முன்னால் 17 போட்டால் இது 2.24 ஆகிறது, 18 போட்டால் 2.11. எஞ்சின் குறைவாகச் சுற்றும், வண்டி அதே வேகத்தில் போகும். டாப் கியரில் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், அதே வேகத்துக்கு 17 பல்லில் சுமார் 3,765 சுற்றுகளும் 18 பல்லில் சுமார் 3,555 சுற்றுகளும் சுற்றினால் போதும்.

காகிதத்தில் சின்ன வித்தியாசம். ஆனால் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கைகளுக்கு அப்படியல்ல. இந்த எஞ்சினின் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். 4,000 சுற்றுகளில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 12 மீட்டர், 3,555இல் 10.7 மீட்டர். ஒற்றை சிலிண்டரின் உதறல் அடங்குகிறது. கண்ணாடியில் பின்னால் வருபவரின் முகம் தெரிகிறது. சீரான வேகத்தில் போனால் பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகலாம். தினமும் கழக்கூட்டம் வரை சுமார் 15 கிலோமீட்டர் பைபாஸில் போய்வருபவருக்கு இவை சாதாரண லாபங்கள் அல்ல.

எஞ்சினின் சுற்றில் எவ்வளவு குறைகிறதோ, பின்சக்கரத்தின் இழுவையிலும் அவ்வளவு குறைகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் மறுபக்கம். 17 பல்லில் சுமார் 6 சதவீதம். 18 பல்லில் 11 சதவீதம். இது டாப் கியரில் மட்டும் நடப்பதல்ல. முதல் கியர் உள்பட எல்லாக் கியர்களிலும் நடக்கிறது. அதனால் பைபாஸில் சம்பாதித்ததை ஸ்ரீவராகத்தின் சந்துகளில் திருப்பிக் கொடுக்க நேர்கிறது. நடந்துபோகிறவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது எஞ்சின் திக்குகிறது. கிளட்சைப் பாதி பிடித்தபடி ஓட்ட வேண்டியிருக்கிறது. கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன.

ஊர்ந்து போவதற்கு இந்த வட்டாரத்தில் சந்தர்ப்பங்களுக்குப் பஞ்சமில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி ஆராட்டுக்காக மேற்குக் கோட்டை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் புறப்படும்போது, விமான நிலையமே சில மணி நேரம் மூடப்பட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடக்கிறது. விமானமே காத்திருக்கும்போது புல்லட்டுக்கு என்ன அவசரம்? மணக்காட்டை அடுத்த ஆற்றுகால் கோயிலின் பொங்காலை நாளில் சுற்றுவட்டாரத் தெருக்கள் முழுவதும் அடுப்புகள். மற்ற நாள்களில் சாலைக் கடைவீதியின் நெரிசல் அந்தக் குறையைத் தீர்த்து வைக்கிறது.

பல்லைக் கூட்டினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. அதிலும் பாதிதான் உண்மை. ஸ்ப்ராக்கெட் எஞ்சினுக்குப் புதிய பலம் எதையும் தருவதில்லை. இந்த 350இன் 18 குதிரைசக்தி 5,625 சுற்றுகளில்தான் முழுதாகக் கிடைக்கிறது. வேகம் கூடக் கூட எதிர்க்காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி மிக வேகமாக ஏறுகிறது. பெரிய ஸ்ப்ராக்கெட் போட்ட எஞ்சின் அந்தச் சுற்றுகளை எட்ட முடியாமல் பாதியிலேயே மூச்சு வாங்கும். அப்போது டாப் கியரின் உச்ச வேகம் முன்பைவிடக் குறையவும் கூடும். அதே 90 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் கொண்ட புல்லட் 500க்குத் தொழிற்சாலையே 17 பல் போட்டு அனுப்பியது. ஆனால் அங்கே சிலிண்டரின் அகலமும் எஞ்சினின் பலமும் கூடிய பிறகு பல் கூடியது. 350க்கு 17 போடுகிறவர் பல்லை மட்டும் கூட்டுகிறார்.

விஷயம் சௌகரியத்தோடு முடிந்துவிட்டால் கவலையில்லை. ஸ்ரீவராகத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் இந்த 6, 11 சதவீதங்களை வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலத்துக்குள் இருந்த பிரதேசத்தின் குறுக்கே, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று சந்தைகளை ஊடுருவிப் போகிறது பழைய சாலை. கல்யாணம், காரியம் என்று இரண்டு பக்கமும் உறவுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய வழி. இங்கே பஸ்ஸை முந்துவதற்குக் கிடைக்கும் இடைவெளி சில வினாடிகள்தான். பின்னால் மனைவியும் மடியில் பையும் இருக்க, முந்தத் தொடங்கிய பிறகு வண்டி இழுக்காமல் போனால் எதிரே வரும் லாரிக்கு ஸ்ப்ராக்கெட் கணக்கு தெரியாது. மூன்றாவது கியருக்கு இறங்கலாம். ஆனால் நான்கே கியர் உள்ள பெட்டியில் இடைவெளி பெரிது: மூன்றில் எஞ்சின் அலறும், நான்கில் திணறும்.

பொன்முடி இன்னும் கறாரான பரீட்சை. நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கடைசியில் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதால் எஞ்சினின் பலமும் அதே அளவு குறைகிறது. 18 பல் போட்டவருக்கு இரண்டு நஷ்டங்களும் சேர்ந்து வருகின்றன. மலையே கதி என்று இருப்பவர்கள் 15க்கு இறங்கினால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும். திரும்பி வந்து பைபாஸில் ஏறும்போது எஞ்சின் அதற்கான வட்டியைக் கேட்கும்.

போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம் என்றால், பழைய புல்லட் அதற்கும் எளிதில் இடம் கொடுப்பதில்லை. பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அதனால்தான் எல்லோரும் முன்பக்கத்தில் கைவைக்கிறார்கள். முன் ஸ்ப்ராக்கெட்டோ கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கவரைத் திறந்து, ஆயிலை வடித்து, கிளட்சையே கழற்றினால்தான் அது கண்ணில் படும். விவரமறிந்த மெக்கானிக்குகள் கிளட்ச் தட்டோ செயினோ மாற்றும் நாள் வரை காத்திருக்கச் சொல்வது இதனால்தான். பெரிய ஸ்ப்ராக்கெட்டில் செயின் கவரில் உரசுகிறதா, செயினின் நீளம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். கடல் காற்றும் இரண்டு பருவ மழைகளும் சேர்ந்து செயினைத் துருப்பிடிக்க வைக்கும் ஊரில், தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் மாட்டுவது புதுப் பல்லையும் சேர்த்துக் கெடுக்கும்.

சட்டத்தின் பார்வையில் இது மெல்லிய கோடு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை வலியுறுத்தியது. பல்லின் எண்ணிக்கை சான்றிதழில் இடம்பெறுவதில்லை. புல்லட்டின் வேகமானி முன்சக்கரத்திலிருந்து இயங்குவதால் அதுவும் பொய் சொல்வதில்லை. காதைக் கிழிக்கும் சைலன்சரைப் போல இது யார் கண்ணிலும் படாது. அதன் பலனையும் பாதகத்தையும் அனுபவிக்கப்போவது ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும்தான்.

எனவே பட்டறைக்குப் போகும் முன் ஒரு மாதம் எங்கெல்லாம் போனோம் என்று குறித்துக்கொள்வது நல்லது. பாதிக்கு மேல் பைபாஸ் என்றால் 17 நியாயமான பேரம். தட்டையான நெடுஞ்சாலையில் தனியாகப் போகிறவருக்கு 18 பொருந்தலாம். கோயில், கடைவீதி, பள்ளிக்கூடம், எப்போதாவது நாகர்கோவில் என்றால் தொழிற்சாலை கொடுத்த 16ஐத் தொடாமலிருப்பதே மேல். குளத்தங்கரைத் தெருவில் எப்படியும் இரண்டாவது கியர்தான்.