ஒண்ணுமில்லை, அரிசிம்பருப்புதான்

எங்கள் பக்கத்தில் அரிசிம்பருப்பு சாதத்துக்கு மரியாதை குறைவு. புது மாப்பிள்ளைக்கு அதை ஆக்கிப் போடமாட்டார்கள். "என்னக்கா ஆக்கினீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை கண்ணு, அரிசிம்பருப்புதான்" என்று பதில் வரும். இப்போது கொங்கு உணவகங்கள் அதைப் பெயர்ப்பலகையில் ஏற்றி விற்கின்றன. ஆனாலும் வீட்டில் அது இன்னும் 'ஒண்ணுமில்லை'தான்.

பனமரத்துப்பட்டியில் அரளி மொட்டுப் பறிக்க இருட்டோடு எழுந்து போனவளுக்கும், சேலத்தில் வேலை முடித்துக் கடைசி நேரப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தவளுக்கும் இதுதான் ராத்திரிச் சோறு. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊற வைத்துவிட்டு முகம் கழுவி வரலாம். குக்கரில் கடலெண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. பிறகு நிறையச் சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள். மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு, மூன்று விசில். முருங்கைக்கீரை இருந்தால் ஒரு கைப்பிடி. தை மாதமென்றால் பச்சை மொச்சை. குழைந்திருக்க வேண்டும், பொலபொலவென்று இருந்தால் அது வேறு எதுவோ.

கறியும் முட்டையும் பாலும் சேராத சாப்பாட்டுக்கு இன்று நகரத்தில் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் இதைச் சைவம் என்றுகூடச் சொல்வதில்லை. சைவம் என்ற சொல்லுக்குப் பின்னால், பிறர் தொட்ட பாத்திரத்தில் தண்ணீர் குடிக்காதவர்களின் வரலாறு இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீட்டின் செவ்வாய்க்கிழமைச் சோறு. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குப் போடும் பருப்பு தீரும்வரை வாரம் இரண்டு நாள் வரும்.

என் அம்மாயி காலத்திலும் ஒரே பானைதான். ராகிக் களியோ கம்பஞ்சோறோ, மிஞ்சியது தண்ணீரில் கிடந்து மறுநாள் காலைக்கு ஆகும். ஆனால் கம்பு பானைக்குப் போகுமுன் உரலுக்குப் போக வேண்டும். குத்தி, புடைத்து, மறுபடி குத்தி. பானை ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என்று அவள் காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிறகு குக்கர் வந்தது, கேஸ் வந்தது. 2011இல் அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியது. உரலையும் அம்மியையும் விட்டு எழுந்தது பெரிய விடுதலை, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் ஒன்றைச் சுட்டுகிறார்: புதுச் சாதனங்கள் வந்தபோது வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகளே முதலில் மறைந்தன. நம் வீடுகளிலும் கேஸ் வந்ததும் விறகு பிளந்த கோடரி ஓய்வெடுத்தது. அரைப்பது சுலபமானதும் தினம் ஒரு துவையல் கேட்பதும் சுலபமாயிற்று.

அரிசிம்பருப்பு தோற்பது இங்கேதான். விசில் அடங்குவதற்குள் கூடத்திலிருந்து குரல் வரும்: "தொட்டுக்க என்ன?" மாமனாருக்கு அப்பளம், அவருக்குத் தேங்காய்த் துவையல், சின்னவனுக்கு உருளைக்கிழங்கு வறுவல், பத்தாததற்கு ஒரு ரசம். ஒரே பாத்திரத்தில் முடியும் என்று தொடங்கிய சமையல், கழுவும் இடத்தில் பத்துப் பன்னிரண்டாகக் குவியும். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் அடுப்பில் ஏறும் பாத்திரத்தைத்தான் எண்ணுகிறார்கள்.

ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்ட சராசரி நேரம் 299 நிமிடம். அப்படி வேலை செய்யும் ஆண்களுக்கு 97. 2024இல் பெண்களுக்கு 289 ஆனது. சரி, பத்து நிமிடம் குறைந்ததே என்று நினைத்தால், ஆண்களுக்கு அது 88 ஆகியிருக்கிறது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் பாடம் நடத்தியபோது, மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம் ராத்திரிச் சமையலுக்கு வீட்டில் எத்தனை பாத்திரம் புழங்குகிறது, யார் கழுவுகிறார்கள் என்று எழுதி வரவேண்டும். ஒருத்தியின் தாளில் எட்டு, ஒன்பது, பதினொன்று என்று போய், வியாழனும் வெள்ளியும் மட்டும் 'குக்கர் 1, தட்டு 3' என்று இருந்தது. அந்த இரண்டு நாள் என்ன விசேஷம் என்றேன்.

"அப்பா லாரில வெளியூர் போயிருந்தாரு, மேடம். அரிசிம்பருப்பு மட்டும்தான். தொட்டுக்க ஊறுகாய்."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"எங்களோடவே உக்காந்து சூடா சாப்பிட்டாங்க, மேடம். எட்டு மணிக்கே."