பதிவேட்டில் இரண்டு காலிக் கட்டங்கள்

மருந்து ஆலையில் பணி என்றதும் உறவினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. தொழுகைக்கு விடுவார்களா? கேப்ஸ்யூலின் ஜெலட்டின் ஹலாலானதா? கேட்க வேண்டியவைதாம். அஸர் தொழ வெளியே வருவதாயின் மேலங்கி, தலைமூடி, தாடிமூடி அனைத்தையும் களைந்து, திரும்பும்போது கைகழுவிப் புதிதாக அணிய வேண்டும். இருவராக முறைவைத்துக்கொண்டால் வக்து தவறுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இந்தச் சம்பளம் ஹலாலாவதும் ஆகாததும் வேறோரிடத்தில் தீர்மானமாகிறது. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

சென்னைக்குத் தெற்கே ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் எங்களைப் போன்ற டெக்னீஷியன்கள் பலர் உள்ளனர். நாங்கள் மாத்திரையைத் தொடுவதில்லை. அதை அழுத்தும் இயந்திரம், அறைகளுக்குத் தூய காற்றனுப்பும் ஏஎச்யூ, சுத்திகரித்த நீரோடும் குழாய், பாய்லர் ஆகியவற்றைப் பராமரிப்பதே எங்கள் பொறுப்பு. அடுத்தடுத்த அறைகளுக்கிடையே காற்றழுத்தம் 10 முதல் 15 பாஸ்கல் வரை வேறுபட வேண்டும். ஒரு மருந்தின் தூசி மற்றொரு மருந்து தயாராகும் அறைக்குள் புகாமல் தடுப்பது அதுவே. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காவல் நிற்கிறதா என்பதைச் சுவரிலுள்ள மேக்னஹெலிக் கேஜின் முள்தான் காட்டும். குறித்த நேரத்தில் அதைப் பார்த்து, பார்த்த அளவை அக்கணமே எழுதிக் கையொப்பமிட வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடிட்டு, பழைய எண் தெரியும்படி திருத்தி, தேதியிட வேண்டும். அழிப்பதற்கு இடமில்லை. தோள்களில் அமர்ந்து எழுதும் மலக்குகளைப் பற்றி மதரஸாவில் ஓதியதன் பொருள், இந்தப் பதிவேட்டைக் கையிலெடுத்த பிறகே எங்களுக்கு நன்கு விளங்கியது.

ஓர் இரவு நாங்கள் இருவர் பணியேற்றபோது, முந்தைய ஷிப்டுக்குரிய இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. காலையில் அந்த பேட்ச் வெளியேற வேண்டும். மேற்பார்வையாளர் கெட்டவர் அல்லர். ரமலானில் நாங்கள் கேட்காமலேயே ஷிப்டு மாற்றித் தருபவர். “முள் எப்போதும் 12இல்தானே நிற்கிறது, பாய்? 12 என்று போட்டுவிடுங்கள்” என்றார். அவர் கூறியது மெய்யாகவும் இருந்திருக்கலாம். எனினும் அந்த நேரத்தில் முள்ளை நாங்கள் பார்க்கவில்லை. காணாததைக் கண்டதாகக் கையொப்பமிடுவதைப் பொய்ச்சாட்சி என்பதன்றி வேறென்ன சொல்வது? கட்டங்களைக் காலியாகவே விட்டு, டீவியேஷன் அறிக்கை எழுதிக் கொடுத்தோம்.

பேட்ச் நிறுத்தப்பட்டது. தரப்பிரிவினர் ஆராய்ந்து, சில நாள்களுக்குப் பின்னரே அதை விடுவித்தனர். அம்மாத ஊக்கத்தொகை பராமரிப்புப் பிரிவு முழுவதற்கும் நின்றுபோயிற்று. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதம் அது. கேன்டீனில் சில வாரங்கள் எங்களருகே எவரும் அமரவில்லை. பணம் போனதைவிட அதுவே கனத்தது. எங்கள் வீடுகளில்கூட, “இரண்டு எண்தானே!” என்ற குரல் எழாமல் இல்லை.

பின்னர் 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில், இருமல் மருந்து அருந்திய குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் அதே நஞ்சுதான். செய்தி வந்த அன்று கேன்டீனில் பேச்சே இல்லை. எங்கள் வீடுகளில் அலமாரியிலிருந்த குப்பியை எடுத்து பேட்ச் எண்ணைப் பார்த்தார்கள்.

அந்த மேற்பார்வையாளர் இப்போது ஷிப்டு மாறும் வேளையில் பதிவேட்டைத் தாமே புரட்டிப் பார்க்கிறார். நின்ற ஊக்கத்தொகை திரும்ப வரவில்லை.