செருப்புக் கடிக்கும் நாய்க்கு என்ன கொடுக்கலாம்?

பொட்டி தட்டிப் பிழைக்க டென்வர் வந்த எனக்கு இப்போ ரெண்டு நாய். ஒண்ணு இங்கே வீட்டில், லட்டு என்கிற லாப்ரடார். இன்னொண்ணு ஊரில் அப்பாவோட தோப்பில், கருப்பன் என்கிற நாட்டு நாய். நாடு வேற, சாப்பாடு வேற. குணம் மட்டும் ஒண்ணு: கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கணும். லட்டு இதுவரை முடித்தது தங்கமணியின் ரெண்டு ஜோடி செருப்பு, ஒரு டிவி ரிமோட், சோபாவின் ஒரு கால். கருப்பன் முடித்தது அப்பாவின் ஹவாய் செருப்பு நாலு. சொட்டுநீர்க் குழாய் எத்தனை மீட்டர் போச்சு என்று அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை :-)

கடிப்பது நாய்க்குச் சேட்டை இல்லை, தேவை. குட்டிக்குப் பல் முளைக்கும் ஊறல். வளர்ந்த நாய்க்கு அதுதான் பொழுதுபோக்கு, அதுதான் நிம்மதி. நாம வெற்றிலை போடுற மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். "கடிக்காதே" என்று அடித்தால் நாம் இல்லாத நேரம் பார்த்துக் கடிக்கும். அதனால் எதைக் கடிக்கணும் என்பதை நாம் தேர்ந்து கொடுப்பதுதான் வழி.

சரி என்று இங்கே கடைக்குப் போனால், நாய் கடிக்கிற சாமானுக்கு மட்டும் ஒரு முழு வரிசை. பாதிக்கு மேல் நம்ம ஊர்க் கறிக்கடையில் ஓரமாகத் தள்ளுகிற சமாச்சாரம்தான்.

முதலில் ராஹைட். மாட்டுத்தோலின் உள்ளடுக்கை உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, காயவைத்து, எலும்பு மாதிரி முடிச்சுப் போட்டு விற்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் இது ஏற்றுமதி ஆகிறது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி லாரி லாரியாக மாடு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தோலில் ஒரு துண்டு என்னைத் தேடி டென்வர் வந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். சிக்கல் என்னவென்றால், ஊறினால் இது பசை மாதிரி ஆகிவிடும். பொறுமையாக மெல்லுகிற நாய்க்குப் பரவாயில்லை. லட்டு மாதிரி அவசரக்குடுக்கை பெரிய துண்டாக விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது புல்லி ஸ்டிக். அது காளையின் எந்த உறுப்பு என்று போனில் அம்மாவிடம் சொன்னேன். "சீ! அந்த ஊர்ல வேற பொழப்பே இல்லையா கண்ணு?" என்றார். 2013ல் வந்த ஓர் ஆய்வில் 26 புல்லி ஸ்டிக்குகளைச் சோதித்தார்கள். அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி வரை இருந்தது. சிலதில் கெட்ட பாக்டீரியாவும் இருந்தது. எப்போதாவது என்றால் சரி, தினமும் கொடுத்தால் நாய் ஊதிவிடும். கொடுத்துவிட்டு நாம் கை கழுவவும் வேண்டும்.

மூன்றாவது, சுட்டும் புகைபோட்டும் காயவைத்து பாக்கெட்டில் வரும் எலும்பு. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை இந்த எலும்புகளால் வந்த பாதிப்பு பற்றி அமெரிக்க எஃப்டிஏவுக்குச் சுமார் 68 புகார்கள் வந்தன. 15 நாய்கள் இறந்ததாக அதில் சொல்லியிருந்தார்கள். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும். கோழி எலும்பானாலும் ஆட்டெலும்பானாலும் இதே கதைதான். "நாங்க காலங்காலமா போடலியா?" என்று அப்பா கேட்பார். போட்டோம்தான். அன்றைக்கு நாய் செத்தால் என்ன காரணம் என்று யாரும் வயிற்றைக் கிழித்துப் பார்க்கவில்லை.

மான் கொம்பு, குளம்பு போன்ற கல்மாதிரி சாமான்கள் வேறு ரகம். இவை பல்லை உடைக்கும். மேல்வரிசையில் நாலாவது முன்கடைவாய்ப்பல் பட்டையாகப் பெயர்ந்து வரும். இதற்கு டாக்டர்கள் சொல்கிற சோதனை ரொம்ப எளிது. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சமாவது பள்ளம் விழணும். விழாவிட்டால் நாய்க்கும் அது வேண்டாம்.

காப்பி மரக்குச்சி என்று ஒன்று பார்த்தேன். சிலாம்பு சிலாம்பாக உடையாது என்று விற்கிறார்கள். இதைச் சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவளை வண்டன்மேட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஏலக்காயும் கொஞ்சம் காப்பியும். கவாத்து செய்த காப்பிக் கிளையை அவர்கள் அடுப்பில் வைப்பார்கள். "டேய், ரெண்டு லோடு அனுப்பறேன், நீ அங்க கடை போடு" என்றாள். எனக்கு அந்தக் குச்சியிலும் பல் பயம் உண்டு.

கடைசியில் மனசுக்குப் பிடித்தது ரப்பர். இதற்கு ஒரு கதை இருக்கிறது, அதுவும் எங்க பேட்டையிலேயே நடந்தது. 1970களில் இந்த டென்வர் பக்கம் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட், பெயர் ஃப்ரிட்ஸ், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டது. அவர் பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சஸ்பென்ஷனில் இருந்த ஒரு ரப்பர் துண்டு நாய்க்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து வந்ததுதான் காங் பொம்மை. நடுவில் ஓட்டை, அதற்குள் தீனி அடைக்கலாம். சிவப்பு சாதாரண நாய்க்கு, கறுப்பு கடிமன்னர்களுக்கு. வாய்க்குள் முழுசாகப் போகாத அளவு பார்த்து வாங்கணும். இங்கே பலரும் பீனட் பட்டர் அடைக்கிறார்கள். அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று லேபிளைப் படித்துவிடுங்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அது நாய்க்கு விஷம்.

இதுவரை சொன்னது டென்வர் கணக்கு. ஊர்க் கணக்கு வேறு.

எங்க தோப்பு கோவிந்தாபுரத்துக்கும் முதலமடைக்கும் நடுவில். நெல்லியாம்பதி மலை கண்ணுக்கு நேரே நிற்கும். அங்கே நாய்க்கு யாரும் எதுவும் வாங்க வேண்டாம், தரையிலேயே கிடக்கும். தேங்காய் மட்டை இருக்கிறது. நார் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் குடலில் கயிறு திரித்துக்கொள்ளும். முதலமடை மாம்பழ ஊர், சீசனில் கொட்டைக்குப் பஞ்சமில்லை. வழவழவென்று இருப்பதால் நாய் அப்படியே விழுங்கும், குடலில் போய்த் தக்கை மாதிரி அடைக்கும். மக்காச்சோளக் கட்டையும் அப்படித்தான். வேலியோரம் அரளி, அதன் குச்சி இலை எல்லாமே விஷம்.

இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. எங்க பக்கம் பன்னிப்படக்கம், தமிழ்நாட்டுப் பக்கம் அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்காக வெடிமருந்தை உருட்டிக் கட்டி, கொழுப்போ குடலோ பழமோ சுற்றி வேலியோரம் போட்டுவிடுவார்கள். கடித்தால் வெடிக்கும். 2020 மே 27ந் தேதி இதே பாலக்காடு மாவட்டத்தில், மண்ணார்க்காடு பக்கம் வெள்ளியாற்றில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானை ஞாபகம் இருக்கும். அன்னாசி என்று பேசினார்கள். வெடி வைத்த தேங்காய் என்று விசாரணையில் பிறகு சொன்னார்கள். யானைக்கு உலகமே அழுதது. அதே வெடியைக் கடிக்கும் நாய் பேப்பரில் வராது.

மூணு மாசம் முன்னால் அம்மா போன் செய்தார். "கண்ணு, மேக்கால தோப்புக்காரங்க நாய் போயிருச்சு சாமி. வாயில வெடிச்சிருச்சு. நம்ம கருப்பனும் அதுகூடவேதான் சுத்தும்." அதற்கு மேல் பேசவில்லை.

பன்றி இளந்தென்னையைக் குருத்தோடு தின்னும்போது விவசாயிக்கு வரும் ஆத்திரம் எனக்குத் தெரியும், எங்க வீட்டிலும் அந்த நஷ்டம் உண்டு. அதற்காக வெடி வைப்பது சட்டப்படியும் குற்றம், மனசாட்சிப்படியும் குற்றம். யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பத்தாயிரம் மைல் தள்ளியிருந்து நான் பிடிக்கப்போவதும் இல்லை. எனக்கு முடிந்தது, கருப்பனை வேலியோரம் போகவிடாமல் வைப்பது.

ஊருக்குப் போனபோது பெட்டியில் ரெண்டு கறுப்பு ரப்பர் பொம்மை எடுத்துப் போனேன். "நாய்க்கு எதுக்குடா பொம்மை?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாதான் கேட்டார், "இதுக்குள்ள என்ன கண்ணு வைக்கணும்?" ராகிக் களிங்கம்மா என்றேன். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் கூடாது. கொஞ்சம் தயிர் சேர்க்கலாம். ஓட்டையில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகிவிடும். அதை நக்கி, கடித்து, உருட்டி முடிக்கக் கருப்பனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பொழுது சாய்ந்ததும் வாசலில் நீளச் சங்கிலி, பக்கத்தில் களி பொம்மை. பகலில் வெளியே போனால் யாராவது கூடப் போகணும். வாயில் எதையாவது எடுத்தால் பிடுங்கக் கூடாது, கருவாட்டுத் துண்டு காட்டி "விடு" என்று மாற்றி வாங்கணும். அப்பா இதில் மட்டும் கில்லாடி, ரெண்டே வாரத்தில் பழக்கிவிட்டார்.

வயிறும் வாயும் நிறைந்த நாய் வேலியோரம் மோப்பம் பிடிப்பது குறையும். டென்வரில் இந்தப் பொம்மை சோபாவைக் காப்பாற்றுகிறது. முதலமடையில் அது ஒரு தாடையைக் காப்பாற்றுகிறது.

போன வாரம் அம்மா சொன்னார், சாயங்காலம் ஃப்ரிட்ஜ் கதவுச் சத்தம் கேட்டால் கருப்பன் தோப்பில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்துவிடுகிறதாம்.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவன் இல்லை. உங்க நாய் எதையாவது விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தால், சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், வெளிக்குப் போகாமல் முக்கினால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்க.